கிடங்கு அக்காவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். விழுப்புரத்தில் ஒரு தையற்கடையில் பொத்தான் கட்டுவதும் ஓரம் அடிப்பதும் என் வேலை. கடைக்கு வருகிறவர்களிடம் அளவைத் தவிர வேறு பேச்சுப் பேசாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவள், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

போன பெருமழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை இரண்டு நாள் தங்கவைத்தார்கள். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே இருந்தன. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அவர்களில் நிறைமாதமாக இருந்த ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, வலி, தண்ணி, ஆஸ்பத்திரி என்று மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருவழியாக மூன்றையும் சரியாகச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழுந்துபோய்ப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். நானும் ஒரு காலத்தில் இப்படி வாத்தியார் வேலை பார்த்தவள். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த நாளில் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டிக்காரர் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். வீட்டுக்கு எதிரே மண்டியின் பழைய கிடங்கு, தகரக்கூரை போட்டது, சும்மா கிடந்தது. ஓர் ஐப்பசி மழையில் நாலு லாரிகளில் ஆட்கள் வந்து அங்கே இறங்கினார்கள். இலங்கையில் நடந்த சண்டைக்குத் தப்பிப் படகில் கடல் தாண்டி வந்தவர்கள் என்றார்கள். சேலைகளைக் குறுக்கே கட்டிக் கிடங்கைக் குடும்பத்துக்கு ஒரு தடுப்பாகப் பிரித்துக்கொண்டார்கள். ஊர் அவர்களுக்குக் கிடங்குக்காரர்கள் என்று பெயர் வைத்தது.

முதல் சில மாதங்கள் ஊரார் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். பாத்திரம் கொடுத்தார்கள், பழைய துணி கொடுத்தார்கள். அம்மா கேப்பை மாவு அரைத்துக் கொடுத்தாள். அவர்களுக்குக் களி கிளறத் தெரியவில்லை என்று அதற்கும் ஒரு பாடம் எடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வருஷக் கோடையில் நாட்டையே நடுங்கவைத்த ஒரு கொலை நடந்தது. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி நின்றது நினைவிருக்கிறது. செய்தது இலங்கைக்காரர்கள் என்றார்கள். கிடங்கில் இருந்த யாருக்கும் அதில் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அந்த வாரமே கிடங்குக்கு ஒரு கதவும் கதவுக்கு ஒரு காவலும் வந்துவிட்டன. காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பேர் கூப்பிட்டு எண்ணினார்கள். வெளியூர் போக வேண்டுமானால் எழுதிக்கொடுத்து, பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊராரும் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொடுத்த பாத்திரங்களைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டும் நல்லவர்கள்.

தண்ணீர்க் குழாய் மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்தது. காலையிலும் மாலையிலும் பெண்கள் குடத்தோடு வெளியே வர விடுவார்கள். அங்கேதான் எனக்குக் கிடங்கு அக்காவோடு பழக்கம். அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லியாக, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் இருப்பார். வாழ்க்கையில் என்னை முதன்முதலாக 'நீங்கள்' என்று சொன்ன ஆள் அவர்தான். அவர்கள் ஊரில் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பத்து வயதில் அந்த ஒரு மரியாதைக்காகவே ஒருவருக்கு உயிரைக் கொடுக்கலாம்.

ஒருநாள் அவர் தெருமுனைக் கடையில் உப்பு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அவர் வாயைத் திறந்ததுமே கடைக்காரர், கிடங்குக்காரங்களுக்குச் சாமான் இல்லை என்று சொல்லிவிட்டாராம். உப்பை நான் ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, உங்கட ஆக்கள் மாதிரி எனக்குக் கதைக்கப் பழக்கி விடுவீங்களோ?"

கதைக்க என்றால் பேச. அதற்குள் எனக்கு அவர் பேச்சு அத்தனையும் அத்துப்படி. சரி என்றேன். அன்று மாலையே பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டது.

குழாயடிக்குப் பக்கத்தில் கிடந்த செங்கற்கள்தான் பெஞ்சு. எங்கள் வகுப்பு வாத்தியார் எப்படியெல்லாம் நடந்துகொள்வாரோ அப்படியெல்லாம் நடந்துகொண்டேன். ஆமணக்குக் குச்சி ஒன்று கையில் வைத்திருந்தேன். அவர் உட்காரும் முன் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கையை நீட்ட வேண்டும். அவர் சிரிக்காமல் நீட்டுவார், நானும் குச்சியால் லேசாக ஒன்று போடுவேன். 'போறன்' என்று சொல்லக் கூடாது, 'போறேன்'. 'ஓம்' இல்லை, 'ஆமா'. 'என்ன' கூட வேண்டாம், 'இன்னா' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் தன் ஊரில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த டீச்சர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாத்தியாரம்மா, பாடம் நடத்தினது போதும். உள்ள வந்து விளக்கு ஏத்து. அவங்களுக்கு நீ சொல்லிக் குடுக்கறதவிட நீ அவங்க மாதிரி பேசறதுதான் ஜாஸ்தி ஆயிக்கினு போவுது."

அது உண்மைதான். எனக்கும் அவர் பேச்சு தொற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் டீச்சரிடம் 'விளங்கேல்லை' என்று சொல்லிவிட்டு முழங்காலில் நின்றேன்.

கிடங்குக்குள் அக்காவின் தடுப்புக்கு இரண்டொரு தரம் போயிருக்கிறேன். காவலுக்கு இருந்தவர் குழந்தை என்று விட்டுவிடுவார். அக்கா மூன்று கல்லை வைத்துத் தேநீர் போடுவார். பால் கிடையாது. சர்க்கரையைத் தேநீரில் போட மாட்டார். இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு, நுனிநாக்கால் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு வாய் தேநீர் குடிப்பார். என் கையிலும் ஒரு சிட்டிகை வைப்பார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆனாலும் வாத்தியார் என்ற முறையில் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. "இங்க யாரும் இப்படிக் குடிக்க மாட்டாங்க. கலக்கித்தான் குடிக்கணும்" என்றேன்.

"கலக்கினால் கூடச் சீனி வேணும், பிள்ளை" என்றார். பிறகு, "அதையும் மாத்தோணுமோ?" என்று கேட்டார்.

மாற்ற வேண்டும் என்றேன். மாற்றுகிறேன் என்றார். ஆனால் மாற்றவில்லை.

அக்காவுக்கு ஒரு தங்கை உண்டு. இரண்டு பேரும் ஒரே நாள் புறப்பட்டு வேறு வேறு படகில் ஏறியவர்கள். தங்கையை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு முகாமில் வைத்திருந்தார்கள். படகில் ஏறின நாளுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் வரும். தங்கை அப்போது நிறைமாதம், தலைப்பிரசவம். புருஷன் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டான், இருக்கிறானா இல்லையா என்று தகவல் இல்லை. அந்த ஆடி மாதம் ஒரு கார்டு வந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்களாம். 'அக்கா, எனக்குப் பயமாயிருக்கு' என்று கடைசி வரி.

அக்கா சீட்டுக்கு எழுதிக்கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி எழுதிக்கொடுத்தார். ஆபீசர் லீவு என்றார்கள். மூன்றாவது தரம் எழுதிய காகிதத்தை வாங்கிக்கொள்ளவே ஆள் இல்லை. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவர் அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். கார்டில் என்ன இருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 

"கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்தும், தலைமாட்டுல ஆளு இல்லாம அந்தப் பொண்ணு படுத்துக்கினு இருக்கணுமா?" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழமை நான் இட்டுக்கினு போறேன். காலைல எண்ணினப்புறம் கெளம்பினா சாயங்காலம் எண்றதுக்குள்ள திரும்பிடலாம்" என்றாள்.

அக்கா பயந்துபோய், வேண்டாம் என்றார். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். சீட்டு இல்லாமல் பிடித்தால் தன்னை எங்கேயாவது கொண்டுபோய் அடைப்பார்கள், கூட வந்தவர்களையும் சும்மா விட மாட்டார்கள் என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னும் அஞ்சு நாளு இருக்குது. நீதான இவங்களுக்கு வாத்தியாரு? ஞாயித்துக்கெழமைக்குள்ள நம்ம வூட்டுப் பொம்பளை மாதிரி பேச வை. போலீசுக்காரு கேட்டா இவங்க உன் சித்தி. தெரிஞ்சிதா? அக்கான்னு கூப்ட்ட, பல்லைத் தட்டிடுவேன்."

அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மண்டிக்காரரோடு சுற்று ஊர்களுக்குக் கொள்முதலுக்குப் போய்விடுவார்.

அந்த ஐந்து நாள் நான் நடத்திய பாடத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. குச்சியைத் தூரப் போட்டுவிட்டேன். நானே போலீஸ்காரராக நின்று கேள்வி கேட்டேன். எந்த ஊர், எங்கே போகிறாய், புருஷன் பேர் என்ன, என்ன வேலை. எங்கள் அப்பாவின் வேலையையே அவர் புருஷனுக்குக் கொடுத்துவிட்டோம். அம்மா தன் பங்குக்கு நடையைத் திருத்தினாள். "இன்னா, கோயில்ல அடிப்பிரதட்சணம் பண்ற மாதிரி நடக்கற? பஸ்ஸு போயிடும்னு நட. எவனாவது இடிச்சா ஒரு வார்த்த திட்டு. நம்ம ஊருப் பொம்பளை திட்டாம நடந்தாலே சந்தேகம் வந்துடும்." அக்கா சிரித்தார். அந்தக் கார்டு வந்தபிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிறு காலை எண்ணி முடித்ததும் அக்கா குடத்தோடு வந்தார். எங்கள் வீட்டில் குடத்தை வைத்துவிட்டு, அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டி, தலையில் கனகாம்பரமும் நெற்றியில் குங்குமமும் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தங்கைக்கு என்று அம்மா ஒரு பையில் பழைய வேட்டித் துணிகளும் ஒரு பனைவெல்லக் கட்டியும் எடுத்துவைத்திருந்தாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் நடுவில் உட்கார்ந்தேன். என் மாணவி ஜன்னலோரம்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னே இரண்டு பஸ்கள் நின்றிருந்தன. எல்லோரும் இறங்க வேண்டும், பைகளைத் திறந்து காட்ட வேண்டும். மீசை நரைத்த ஒரு போலீஸ்காரர் பெண்கள் பக்கம் வந்தார். அம்மாவைக் கேட்காமல் நேரே அக்காவைக் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"திண்டிவனம் சார். எங்க வூட்டுக்காரு மல்லாட்டை மண்டியில எடை போடறாரு."

"எங்க போற?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கேன் சார். தங்கச்சிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது."

"ஆம்பளப் புள்ளையா பொறக்கட்டும்."

"எதுவா இருந்தா இன்னா சார், நல்லபடியாப் பொறந்தா போதும். நீங்க ஜல்தியா வுட்டீங்கன்னா போய்ச் சேருவோம்."

கடைசியில் சொன்ன இரண்டு வரியும் நான் சொல்லிக்கொடுத்தவை அல்ல. அவரே சொந்தமாகப் பேசினார். போலீஸ்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, என் மாணவி நூற்றுக்கு நூறு.

முன்னே நின்ற பஸ்கள் நகரும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. சாலையோரம் ஒரு டீக்கடை. அம்மாவுக்கும் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு டீ சொன்னாள்.

"பால் தீந்து போச்சு. வெறும் டீதான். போடட்டா?" என்றார் கடைக்காரர்.

போடச் சொன்னாள். அக்காவின் கையில் டீ கிளாஸ் வந்தது. பால் இல்லாத, கருத்த தேநீர். அவர் ஊரில் குடித்த தேநீர், கிடங்கில் குடித்த தேநீர். கடைக்காரர் சர்க்கரைக் கரண்டியோடு கிளாஸின் பக்கம் வந்தார். அக்கா தங்கையைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கிளாஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது உள்ளங்கையை நீட்டினார். கடைக்காரர் கரண்டியைச் சாய்த்தபடி விழித்தார். உள்ளங்கையில் சர்க்கரை வாங்கும் ஆளை அவர் பார்த்ததில்லை.

அந்த ஒரு நொடி நான் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கடைக்காரர் கேட்டிருப்பார், அக்கா கையை மடக்கிக்கொண்டிருப்பார். ஆனால் நான் வாத்தியார்.

"அக்கா! இங்க யாரும் அப்படிக் குடிக்க மாட்டாங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

வகுப்பில் கேட்பது போலவே உரக்கக் கேட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்துப் பெஞ்சில் காக்கிச் சட்டை தெரிந்தது. மீசை நரைத்த அந்தப் போலீஸ்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். நீட்டியிருந்த உள்ளங்கையைப் பார்த்தார். அதில் கொஞ்சம் சர்க்கரை விழுந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"பாப்பா, இவங்க உனக்கு இன்னா வேணும்?"

சித்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டார். நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் காணவில்லை. தன் ஊர்ப் பேச்சில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

"இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. இந்த அம்மாவையும் தெரியாது. பஸ்ஸில பக்கத்தில இருந்தவை, அவ்வளவுதான். நான் தனியத்தான் வந்தனான். கிடங்கில இருந்து சீட்டு இல்லாமல் வந்தனான்."

போலீஸ்காரர் அம்மா பக்கம் திரும்பினார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. விரல்கள் எலும்பு வரை அழுந்தின.

"உனக்கு இவங்களத் தெரியுமா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "தெரியாதுங்க" என்றாள்.

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் தலையிலும் அக்காவின் தலையிலும் ஒரே சரத்தில் கிள்ளிய கனகாம்பரம். அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் அதற்குமேல் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அக்காவை மட்டும் ஜீப்புக்குக் கூட்டிப்போனார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கையில் இருந்த பையையும் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் அவருடைய டீ அப்படியே இருந்தது.

பஸ் கிளம்பியதும் நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் செய்த தப்பை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது. நான் அதற்காக அழவில்லை. என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே என்று அழுதேன். இத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தேன், உப்பு வாங்கிக் கொடுத்தேன், முழங்காலில் நின்றேன். ஒரு போலீஸ்காரர் கேட்டதும் என்னை யாரென்றே தெரியாது என்கிறார். அம்மாவும் சேர்ந்துகொண்டு தெரியாது என்கிறாள்.

அம்மா திரும்பிப் போகவில்லை. விழுப்புரத்தில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரசவ வார்டில் முகாம் பெண் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போக, கடைசிக் கட்டில் என்று ஒரு ஆயா காட்டினார். முந்தின நாள் ஆபரேஷன் ஆகியிருந்தது. பெண் குழந்தை. தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்காவைப் போலவே ஒல்லி, அதே நெற்றி.

"உங்க அக்கா அனுப்பிச்சாங்கம்மா" என்று அம்மா பையை நீட்டினாள்.

தங்கை, வேவு பார்க்க வந்தவர்களோ என்பது போல எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பையை வாங்கவில்லை. தனக்கு அக்கா யாரும் கிடையாது என்றார்.

அம்மா நீட்டிய பையோடு அப்படியே நின்றாள். காலையிலிருந்து எல்லோரும் எல்லோரையும் தெரியாது என்கிறார்கள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. மனசில் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. எந்தப் பேச்சில் வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

"உங்கட அக்கா எங்களைத் தெரியாதெண்டு சொல்லிப் போட்டா!"

தங்கை சட்டென்று என் பக்கம் திரும்பினார். திண்டிவனத்துப் பாவாடையும் கனகாம்பரமுமாக ஒரு சிறுமி தன் வீட்டுப் பேச்சில் புகார் சொல்கிறாள். வலியைக் கடித்துக்கொண்டு ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"எங்க வச்சு? ஆரிட்டச் சொன்னவ?"

எங்கே, யாரிடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், சோதனை, பரீட்சையில் நூற்றுக்கு நூறு, பால் இல்லாத டீ, எல்லாம். கையை நீட்டினார் என்றதும் தங்கை, "கையிலயோ சீனி வாங்கினவ?" என்று சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"பொலிஸ் உங்களைப் பிடிச்சதோ?"

"இல்லை."

"அம்மாவை?"

"இல்லை."

"அக்கா கெட்டிக்காரி" என்றார் தங்கை. இரண்டு தரம் சொன்னார். அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் முத்தம் வைத்தார். பொய் சொல்வதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் பார்க்காதபோது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அப்பாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். "புள்ளைய அடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்குமோ என்னவோ. அக்காவை ஜீப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டதாகவும், ஒரு மாதத்துக்குக் குழாயடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு என்றும் காவலுக்கு இருந்தவர் சொன்னாராம். பச்சைப் புடவை கிடங்கின் உள்பக்கக் கம்பியில் காய்ந்தது, எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. அம்மா அதைக் கடைசிவரை திருப்பிக் கேட்கவில்லை.

அக்கா எங்களைத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த ஜீப்பில் அம்மாவும் ஏறியிருப்பாள். அப்பாவின் வேலை போயிருக்கும், மண்டிக்காரர் கொடுத்த வீடும் போயிருக்கும். தங்கைக்கு ஒரு துண்டுத் துணிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. இதையெல்லாம் ஒரு டீ கிளாஸைக் கீழே வைக்கிற நேரத்துக்குள் அவர் யோசித்திருக்கிறார். தங்கையை இனிப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான். சொல்வதை அவர்கள் நம்ப வேண்டுமே என்று நான் கற்றுக்கொடுத்த பேச்சையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டார். இது எனக்கு எந்த வயதில் விளங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. விளங்கியபோது கிடங்கு காலியாகி, மறுபடி மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவர் என்னைத் தெரியாது என்று சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கிடங்கு அக்கா வேறு ஒரு குடத்தோடு குழாயடிக்கு வந்தார். "பிள்ளை, குழந்தையைப் பாத்தீங்களோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் என் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா வெளியே போய்ச் சொன்னாள். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன்.